என் நெஞ்சிலிருந்து நூற்று நாற்பது

1

வயது ஐம்பத்தொன்று ஆன மறுநாள் எனக்கு நெஞ்சு வலித்தது. அதற்கு முன் ஒரு நாள்கூட வலிக்காத நெஞ்சு அது. என் அப்பா, எங்கள் நைனா, ஐம்பத்தொன்றில்தான் போய்ச் சேர்ந்தார். அந்தச் செய்தியை என் நெஞ்சுக்கு யார் போட்டுக்கொடுத்தார்களோ தெரியவில்லை, தேதி பிசகாமல் வேலையை ஆரம்பித்துவிட்டது.

நைனா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் நெஞ்சுவலி என்று ஒரு வியாதியே கிடையாது. எல்லாம் வாயுதான். ஒரு கோலி சோடா, ஒரு மடக்கு ஓமத்தண்ணி, முதுகில் நாலு தட்டு. ஏப்பம் வந்தால் ஆள் பிழைத்தான். வராவிட்டால் இன்னொரு சோடா. நைனாவும் சோடா குடித்துவிட்டுத்தான் கடைசி ஷிப்டுக்குக் கிளம்பினார்.

நான் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவன். பத்தொன்பது வருஷமாக ஜெர்மனியில் அணுக்கருவுக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கிற உத்தியோகம். அப்படிப்பட்டவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முதலில் என்ன செய்தேன் தெரியுமா? சமையலறைக்குப் போய் அரை பாட்டில் தண்ணீர் குடித்தேன். இங்கே குடிதண்ணீரே வாயு கலந்த சோடாதான். மொத்த தேசமும் முன்கூட்டியே வைத்தியம் பார்த்துக்கொண்டு திரிகிறது. எனக்கு ஏப்பம் வரவில்லை.

மனைவி கலாவிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். ஆம்பளை நெஞ்சுவலியைப் பெண்டாட்டியிடம் சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. தோஸ்திடம்தான் சொல்வான். என் தோஸ்து பஷீர், வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கிறான். பின்கட்டுத் தோட்டத்தில் நின்று அவனுக்குப் போன் போட்டேன்.

"மாமு, நெஞ்சாண்ட ஒரு மாதிரி கீதுடா."

"ஒரு மாதிரின்னா இன்னா மாதிரி?"

"உள்ள யாரோ குந்திகினு கதவத் தட்றா மாதிரி."

"தொறந்து உட்டுடாதே. டாக்டராண்ட போ. கலாவாண்ட சொன்னியா?"

"சொல்லல. நீயும் சொல்லாதே. சத்தியம் பண்ணு."

 அந்தப் பக்கம் கடையில் யாரோ புடவையை உதறுவது கேட்டது.

"ம்" என்றான்.

2

இங்கே எதற்கும் நாள் குறித்து வாங்க வேண்டும். முடி வெட்ட, வீட்டு முகவரி மாற்ற, வரி அலுவலகத்தில் மன்னிப்புக் கேட்க. இதய டாக்டரின் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எட்டு வாரம் கழித்து ஒரு நாள் இருக்கிறது என்றார் அந்த அம்மாள்.

"எட்டு வாரத்தில் நான் உயிரோடு இருக்க வேண்டுமே?"

"இல்லாமல் போனால், இருபத்துநாலு மணி நேரத்துக்கு முன்னால் தெரிவித்து ரத்து செய்துவிடுங்கள்" என்றார். கிண்டல் இல்லை. விதி அப்படி.

இரண்டு வாரத்தில் புண்ணியவான் யாரோ ஒருவர் தன் நாளை ரத்து செய்தார். அது எனக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. என்ன நாள், என்ன ஊசி என்று பஷீரிடம் மட்டும் சொன்னேன். அதே செவ்வாய்க்கிழமை மாலையில்தான் எங்கள் சோதனைக்குத் துகள் முடுக்கியிலிருந்து அயனிக் கற்றை வருவதாக இருந்தது. ஆறே நாள் சோதனை. அதற்கு விண்ணப்பம் போட்டு இரண்டு வருஷம் காத்திருந்தோம். இரண்டையும் விட முடியாது.

என் வேலை என்ன என்று ஒரு முறை பஷீர் கேட்டான். கனமான அணுக்கரு ஒன்றை இன்னொன்றின் மேல் மோத விடுவோம். எப்போதாவது இரண்டும் ஒட்டிக்கொண்டு, இயற்கையில் இல்லாத கொழுத்த கரு ஒன்று பிறக்கும். பிறக்கும்போதே அதற்கு ஏகப்பட்ட தெம்பு. அந்தத் தெம்பைக் காமாக் கதிர்களாக உதறிவிட்டுத்தான் அமைதியாகும். உதாரணம் சொன்னேன்: நல்லாக் குடித்தவன் ஒருத்தன் இருட்டில் மாடிப்படி இறங்குகிறான். நாம் வெளியே நிற்கிறோம். ஒவ்வொரு படியிலும் 'தொம்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தங்களை வைத்தே எத்தனை படி, எந்தப் படி எவ்வளவு உயரம், வீடு எந்த அமைப்பு என்று சொல்லிவிடலாம். சில பேர் நடுப்படியில் குந்திவிடுவார்கள், எழுந்திருக்கவே மாட்டார்கள். கருக்களிலும் அந்த ரகம் உண்டு. எனக்கு அவர்கள்தான் முக்கியம். எவ்வளவு நேரம் குந்துகிறார்கள், பிறகு எந்தப் படியில் கால் வைக்கிறார்கள் என்று பார்த்தால், அந்தக் கரு பந்து மாதிரி உருண்டையா, பிடிகொழுக்கட்டை மாதிரி நீளமா என்று தெரியும்.

பஷீர் முழுக்கக் கேட்டான்.

"அதாவது, எவனோ குடிச்சிட்டு வூட்டுக்கு வர்றத நீ வெளிய நின்னு ஒட்டுக் கேட்டுகினு கீறே."

"ஆமா."

"அதுக்கு ஜெர்மன்காரன் சம்பளம் வேற குடுக்கறான்?"

எங்கள் துறைக்கு இதைவிட நேர்மையான விளக்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

3

ஆஸ்பத்திரியில் என்னை ஒரு சைக்கிளில் ஏற்றி மிதிக்கச் சொன்னார்கள். மூச்சு இரைக்கும்போது கையில் ஊசி. ஊசியில் டெக்னீசியம் என்கிற கதிரியக்கத் தனிமம். அது ரத்தத்தோடு இதயத் தசைக்குப் போய் உட்காரும். அங்கிருந்து வருகிற காமாக் கதிர்களைக் கேமரா படம் பிடிக்கும். ரத்தம் போகாத இடம் இருந்தால் படத்தில் ஓட்டையாகத் தெரியும்.

டெக்னீசியம் எங்கள் ஜாதி. நடுப்படியில் குந்துகிற ரகம். ஆறு மணி நேரத்தில் பாதிப் பேர் எழுந்து கீழே இறங்குவார்கள். இறங்கும்போது ஒரே ஒரு சத்தம், நூற்று நாற்பது கிலோ எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலில். இதையெல்லாம் ஊசி போட வந்த நர்ஸிடம் கால் மணி நேரம் விளக்கினேன். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. தினமும் பத்துப் பேருக்கு அதே ஊசியைப் போடுகிற அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இடது கையா, வலது கையா?" என்றாள்.

ஊசி போட்ட பிறகு கொழுப்பாக ஏதாவது சாப்பிடச் சொன்னார்கள். அப்போதுதான் படம் தெளிவாக வருமாம். இதயத்தைச் சோதிக்க வந்தவனை வெண்ணெய் தடவிய ரொட்டி தின்னச் சொல்கிற வைத்தியத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு தின்றேன்.

படம் எடுத்தார்கள். டாக்டர் பிறகு பார்ப்பாராம். படத்தில் சந்தேகம் இருந்தால் மூன்று மணிக்குள் போன் வரும், மறுநாள் காலை இரண்டாவது ஊசிக்கு வர வேண்டும் என்று புரிந்துகொண்டேன். ஒரு அட்டையைக் கையில் கொடுத்து என்னென்னவோ சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். என் ஜெர்மன் மொழியில் பாதி தலையாட்டுவதுதான். மூன்று மணிக்குள் போன் வரக்கூடாது. அது ஒன்றுதான் மண்டையில் நின்றது.

வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் கலாவிடம் காலை ஏழு மணிக்கே ஆய்வுக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். பொய் சொன்னவன் அந்தப் பொய்க்குள்ளேதான் போய் உட்கார வேண்டும். நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். விதிப்படி போனை வெளிப் பெட்டியில் பூட்டிவிட்டுச் சோதனைக் கூடத்துக்குள் நுழைந்தேன்.

4

உள்ளே வேறு மூன்று பேரோடு யோனாஸ் இருந்தான். என்னிடம் முனைவர் பட்டத்துக்கு உழைக்கிற பையன், இருபத்தெட்டு வயது, ஆறரை அடி. கற்றை வர இன்னும் நேரம் இருந்தது. டிடெக்டர்களை வெறுமனே ஓட விட்டு, சும்மா இருக்கும்போது என்ன வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று நாட்டு ஆய்வகங்களிலிருந்து இரவல் வாங்கி வந்த, ஜெர்மானியம் படிகத்தால் காமாக் கதிரைப் பிடிக்கிற டிடெக்டர்கள். ஒன்றுக்கு ஏதாவது ஆனாலும் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

"சேகர், இதைப் பாருங்கள்" என்றான்.

திரையில் ஓடிய வரைபடத்தின் இடது ஓரத்தில் ஒரு சிகரம், எண்ணூர் புகைபோக்கி மாதிரி ஒல்லியாக, செங்குத்தாக, நான் பார்க்கப் பார்க்க மேலே போய்க்கொண்டிருந்தது.

"எந்த இடம்?"

"சுமார் நூற்று நாற்பது. அளவு இன்னும் சரிசெய்யவில்லை. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் இது இல்லை."

அடுத்து நான் செய்த தவறைச் செய்ய இருபது வருஷப் படிப்பு வேண்டும். பாமரன் செய்ய மாட்டான். நியூட்ரான்கள் வந்து மோதினால், ஜெர்மானியம் டிடெக்டர் தானே ஒரு காமாக் கதிரை வெளியிடும். அதன் இடமும் நூற்று நாற்பதுக்குப் பக்கம்தான். டெக்னீசியத்துக்கும் அதற்கும் ஒரு மயிரிழை வித்தியாசம், அளவு சரிசெய்யாத திரையில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். என் மூளை, காலையில் நர்ஸுக்கு வகுப்பெடுத்த அதே மூளை, நேராக நியூட்ரானுக்குத் தாவியது. பக்கத்துக் கூடத்தில் கற்றை ஓடுகிறது, நடுச்சுவரில் எங்கேயோ அடைப்பு திறந்திருக்கிறது, நியூட்ரான் கொட்டுகிறது, இரவல் டிடெக்டர் எல்லாம் நாசம், யோனாஸ் பட்டம் நாசம். இப்போதுதான் கல்யாணம் ஆன பையன்!

பார்க்கலாம் என்று டிடெக்டருக்குப் பக்கத்தில் போனேன். சிகரம் இன்னும் வேகமாக ஏறியது.

"டேய்! அல்லாரும் வெளிய வாங்கடா!" என்று கத்தினேன்.

உள்ளே இருந்த நாலு ஜெர்மானியர்களும் அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். பத்தொன்பது வருஷத்தில் நான் ஜெர்மனில் சொன்ன எதையும் அவர்கள் இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டதில்லை.

5

கூடத்தை விட்டு வெளியேற ஒரு கருவியில் ஏறி நிற்க வேண்டும். இரண்டு கையையும் உள்ளே விட்டால், உடம்பில் கதிரியக்கத் தூசி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும். ஒவ்வொருத்தராக ஏறினார்கள். பச்சை, பச்சை, பச்சை, பச்சை. கப்பல் கேப்டன் மாதிரி கடைசியாக நான் ஏறினேன்.

அது ஊளையிட்டது. மேலே சிவப்பு விளக்கு சுழன்றது.

பாதுகாப்பு அதிகாரி ஹெல்கா ஓடிவந்தார். அறுபதை நெருங்கியவர். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கைக்கருவியால் என் கையைத் தடவினார், கத்தியது. காலைத் தடவினார், கத்தியது. நெஞ்சுக்குக் கொண்டுவந்தார், முள் ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

"சட்டையைக் கழற்றுங்கள்."

கழற்றினேன். பேன்டையும் வாங்கிப் பையில் போட்டுக் கட்டினார். காகித அங்கி ஒன்றை மாட்டிவிட்டார். மறுபடி தடவினார். அதே கத்தல். நான் சாகப்போவது உறுதி, நெஞ்சுவலியால் அல்ல, நியூட்ரானால், அதுவும் காகிதத்தில் பொட்டலம் கட்டி.

"ஹெல்கா" என்றான் யோனாஸ், வெளித்திரையைப் பார்த்தபடி. "இவர் வெளியே வந்ததும் அந்தச் சிகரம் வளர்வது நின்றுவிட்டது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"இன்று காலை எங்கே இருந்தீர்கள்?" என்றார் ஹெல்கா.

"வீட்டில்" என்றேன். அந்த நிலையிலும் பொய். பழக்கதோஷம்.

ஹெல்கா கருவியின் சிறு திரையைப் பார்த்தார். அது எந்தத் தனிமம் என்று பெயர் சொல்லும் கருவி. "டெக்னீசியம்" என்று மெதுவாகப் படித்தார். "உங்கள் வீட்டில் டெக்னீசியம் ஊசி போடுகிறார்களா?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் திரும்பி வந்தது. சைக்கிள், ஊசி, கால் மணி நேர வகுப்பு. ஆறு நாள் தேடப்போகிற நடுப்படிக்காரன் என் நெஞ்சுக்குள்ளேயே உட்கார்ந்து 'தொம் தொம்' என்று இறங்கிக்கொண்டிருக்கிறான், அதைக் கேட்டு நானே ஊரைக் காலி செய்திருக்கிறேன்!

ஹெல்கா கூடத்துக் கதவைக் காட்டினார். அதில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: கதிரியக்க மருத்துவச் சோதனை செய்துகொண்டவர்கள் அனுமதி பெறாமல் உள்ளே வரக்கூடாது.

"இதை எழுதிய குழுவில் மூன்று பேர். கடைசிக் கையெழுத்து யாருடையது?"

என்னுடையதுதான்.

6

போனை எடுத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று அழைப்புகள். மூன்றும் மூன்று மணிக்குள். அதுவரை விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்த யோனாஸின் சத்தம் அதற்கப்புறம் எனக்குக் கேட்கவில்லை.

திருப்பி அழைத்தேன். வரவேற்பில் இருந்த அம்மாள் பெயரைச் சரிபார்த்துவிட்டுச் சொன்னார்: "நாளை நீங்கள் வர வேண்டாம். வீட்டிலேயே இருக்கலாம்."

உங்களுக்குத் தெரியும் இந்த வாக்கியத்தின் அர்த்தம். நைனாவை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போன அன்று, ஆஸ்பத்திரி வாசலில் வெள்ளைக் கோட்டுக்காரர் அம்மாவிடம் இதைத்தான் சொன்னார். "இனிமே இங்க வேணாம்மா, வூட்டுக்குக் கூட்டிகினு போங்க." அம்மா அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். சரியாகிவிட்டது என்று நினைத்தாள். பக்கத்தில் நின்றவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் அவளுக்குப் புரிந்தது. நம் ஊரில் டாக்டர் 'வர வேண்டாம்' என்றால் ஆளை விட்டுவிட்டார் என்று பொருள்.

காகித அங்கியோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். மகள் தென்றலின் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு இந்த வருஷமும் போகவில்லையே என்று தோன்றியது. வேறு பெரிய தத்துவம் எதுவும் தோன்றவில்லை.

ஹெல்கா குனிந்து பார்த்தார். "நான் பேசலாமா?" என்றார். தலையாட்டினேன். போனை வாங்கி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"அவர் பக்கத்தில்தான் இருக்கிறார். ஏன் வர வேண்டாம் என்று தயவுசெய்து முழு வாக்கியத்தில் சொல்லுங்கள்."

"டாக்டர் படங்களைப் பார்த்துவிட்டார். இதயத்தில் எல்லாப் பக்கமும் ரத்தம் நன்றாகப் போகிறது. குறை எதுவும் இல்லை. அதனால் இரண்டாவது ஊசி தேவையில்லை. நாளைக் காலை அவருடைய இடத்தை வேறொருவருக்குத் தரலாமா என்று கேட்கத்தான் மூன்று முறை அழைத்தோம்."

"தரலாம்" என்றார் ஹெல்கா.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு ஏப்பம் வந்தது. இரண்டு வாரமாக வராதது. கூடமே திரும்பிப் பார்த்தது.

"அப்படியென்றால் வலி எதனால்?" என்றான் யோனாஸ்.

ஹெல்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்கள் பிறந்தநாளன்று தடுப்புச் சுவருக்கு ஈயக் கட்டிகளைத் தூக்கி அடுக்கியது யார்? கையால்? பக்கத்தில் கிரேன் சும்மா நிற்கும்போது?"

கிரேன்காரர் மகனிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது? வெறும் தசைப்பிடிப்புதான் என்று டாக்டரின் கடிதமும் பிற்பாடு சொன்னது. அன்று மாலை கற்றை வந்தது. ஆனால் என்னை நாளைக்கு மறுநாள்தான் உள்ளே விடுவதாகச் சொல்லி, வாசலில் என் படத்தையே ஒட்டிவிட்டார் ஹெல்கா. அப்போதும் சிரிக்கவில்லை.

7

அஞ்சு மணிக்கு வீட்டு மணியை அடித்தேன். கலா கதவைத் திறந்தாள். என் காகித அங்கியைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம்.

"எவ்ளோ தூரம் தள்ளி நிக்கணும்?" என்றாள்.

"...ஒரு மீட்டர். இன்னிக்கு மட்டும். உனக்கு எப்படி?"

"முதல்ல சொல்லுங்க. என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல கலா. நல்லா இருக்காம். எல்லாப் பக்கமும்."

கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய மூச்சு விட்டாள். பிறகு ஒரு மீட்டர் தூரத்தில் நின்றபடியே வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

"பஷீர் அண்ணன் அன்னிக்கே போன் பண்ணிட்டார். இன்னிக்கு என்ன ஊசின்னும் அவர்தான் சொன்னார். நீங்களா சொல்லுவீங்கன்னு ரெண்டு வாரம் பார்த்தேன். இன்னிக்கு ஆறு மணி தாண்டியிருந்தா நானே ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பேன். ரெண்டு வாரமா வீட்ல அப்பளம் பொரிக்கலையே, கவனிச்சீங்களா?"

"தீர்ந்துபோச்சுன்னு சொன்னியே..."

"அலமாரில மூணு கட்டு இருக்கு."

தென்றல் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். வயது பதினைந்து. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில், காதில் எப்போதும் பாட்டு, என்னிடமிருந்து தினப்படி இரண்டு மீட்டர் தூரம். நான் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, "கிட்ட வராதம்மா, அப்பா இன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன். அவள் நேராக வந்து என் தோளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஒரு மீட்டர்!" என்றேன்.

"அது சின்னக் குழந்தைக்கு. நெட்ல ரூல் படிச்சேன். நீ படிக்கல" என்றாள், தமிழில். கொஞ்சம் ஜெர்மன் மாதிரி இருந்தது. நான் திருத்தவில்லை.

தைரியம் வந்ததும் பஷீருக்குப் போன் போட்டேன். கடை சாத்துகிற நேரம்.

"டேய், எனுக்கு ஒண்ணுமில்லயாம்."

"தெரியும். கலா சேதி அனுப்பிச்சிது. அல்லாவுக்கு நன்றி சொல்லிகினு கீறேன், குறுக்க பேசாதே."

"சத்தியம் பண்ணிட்டுப் போட்டுக்குடுத்துட்டியேடா, துரோகி!"

நான் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"உன்னாண்ட ஒண்ணு சொல்லணும் சேகரு. உங்க நைனா வலிக்குதுன்னு எங்க அத்தாவாண்ட சொல்லிகீறாரு. போறதுக்கு ஒரு வாரம் முன்ன. கிரேன் ஏணில ஏறச்சொல்ல வலிக்குது, வூட்ல சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிகினாரு. எங்க அத்தா சொல்லல. வாக்கக் காப்பாத்தினாரு."

அத்தா என்று பஷீர் கூப்பிடும் அவன் அப்பாவும் நைனாவும் துறைமுகத்தில் ஒரே ஷிப்டு. தினமும் எங்கள் வீட்டில் டீ குடித்தவர். நைனா போன பிறகு எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. செத்த வீட்டை எட்டிக்கூடப் பார்க்காத மனுஷன் என்று அம்மா கடைசிவரைக்கும் திட்டிக்கொண்டிருந்தாள். நானும்தான்.

"முப்பது வருஷமா ஏன்டா சொல்லல?"

"அது அத்தா என்னாண்ட வாங்கின சத்தியம். உங்கம்மா மூஞ்சிய பாக்க முடியலன்னு, நாலு தெரு சுத்திகினு போவாரு வேலைக்கு. நீ அன்னிக்கு சத்தியம் பண்ணுன்னு சொன்னப்போ எனுக்கு அத்தா மூஞ்சிதான் தெரிஞ்சிது மாமு. போன வச்சதும் கலாவுக்குத்தான் அடிச்சேன். இன்னிக்கு அத்தா சத்தியத்தையும் ஒடச்சிட்டேன். இன்னா பண்ணுவே?"

 போனைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்தேன். என் மூச்சுச் சத்தத்தை வைத்துக் கலாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் கணக்கை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து போனை வாங்கினாள்.

"அண்ணே, இனிமே இவர் எப்ப சத்தியம் கேட்டாலும் யோசிக்காமப் பண்ணிக் குடுத்துடுங்க. அப்பதான் எனக்கு உடனே தெரியும்."